மூட்டையில் அச்சிட்ட புரதம் மீனுக்குச் சேருகிறதா? மீன்வளத் துறைக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
ஆணையர் அவர்கள், மீன்வளம் மற்றும் மீனவர் நலத்துறை, சென்னை.
பார்வைக்கு: நீலகிரி, திண்டுக்கல் மாவட்ட மீன்வள அலுவலர்கள்.

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

தாவரப் புரதத் தீவனம் மலைக்கு வேண்டாம் என்று சொல்ல இந்த மடலை எழுதவில்லை. கண்டிப்பாக வேண்டும். மீன் தூளுக்கு மத்தியை நம்பியிருந்த காலம் போய்விட்டது. 2021-இல் கேரளக் கரையில் மத்திப் பிடிப்பு 3,297 டன்னுக்கு இறங்கியதைத் துறை அறியும். மனிதர் தின்னும் மீனை அரைத்து மீனுக்கே போடுவது எத்தனை நாளைக்குத் தாங்கும்? சோயா, கடலை, எள் என்று பிண்ணாக்குப் பக்கம் திரும்புவதில் எங்களுக்கு மறுப்பு இல்லை. கோரிக்கை வேறு. சமவெளிக் குளத்துக்கு எழுதிய தீவன வரையறையை அப்படியே லாரியில் ஏற்றி ஊட்டிக்கும் கொடைக்கானல் மேல்மலை மன்னவனூருக்கும் அனுப்பாதீர்கள். குளிர்நீருக்கென்று தனி வரையறை எழுதுங்கள். அதில் 'கச்சாப் புரதம் இத்தனை சதவீதம்' என்பது முதல் வரியாக இருக்க வேண்டாம்.

அந்த எண் எப்படி வருகிறது என்று பார்த்தாலே காரணம் புரியும். கெல்டால் முறையில் ஆய்வகம் அளப்பது புரதத்தை அல்ல, நைட்ரஜனை. அதை 6.25-ஆல் பெருக்கிப் புரதம் என்று எழுதித் தருகிறார்கள். யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன். நூறு கிலோ தீவனத்தில் ஒரு கிலோ யூரியா கலந்தால் சான்றிதழில் புரதம் ஏறத்தாழ 3 சதவீதம் கூடிவிடும், மீனுக்குச் சேரும் புரதமோ ஒரு கிராம்கூட அதிகமாகாது. மாட்டின் வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் யூரியாவைப் புரதமாக்கித் தரும். மீனுக்கு அந்த வசதி கிடையாது. கலப்படமே இல்லாத மூட்டையிலும் இதே தொல்லைதான். பச்சைச் சோயா, பதமாக வெந்த சோயா, கருகிய சோயா மூன்றும் கெல்டால் குடுவைக்கு ஒன்று. மீன் குடலுக்கு மூன்றும் மூன்று விதம்.

மலையில் வளர்ப்பவை இரண்டு வகை மீன்கள், இரண்டின் வயிறும் ஒன்றல்ல. 1939-இல் இலங்கையிலிருந்து நீலகிரிக்கு வந்த கண்ணாடிக் கெண்டையும் அதன் உறவான சாதாக் கெண்டையும் எதையும் தின்னும். ஆனால் அவற்றுக்கு இரைப்பையே கிடையாது, குடல் மட்டும்தான், அமிலம் சுரப்பதில்லை. டிரவுட் ஊன் தின்னி. இரைப்பை உண்டு, அமிலம் உண்டு, குடல் குட்டை. கெண்டைக்கு 30 முதல் 35 சதவீதம் புரதம் போதும், டிரவுட்டுக்கு 40-க்கு மேல் வேண்டும். மாவுச்சத்தைக் கெண்டை ஓரளவு சமாளிக்கும். டிரவுட்டுக்கு அதிகமானால் கல்லீரல் வீங்கும். இவை இரண்டுக்கும் சேர்த்து 'குளிர்நீர் மீன் தீவனம்' என்று ஒரே வரையறை எழுதினால் அதுவும் பயன்படாது.

முதலில் சோயா. அதில் உள்ள டிரிப்சின் தடுப்பான் புரதம் செரிக்கவிடாது. சூட்டில் அழியும், ஆனால் போதுமான சூடு வேண்டும். இங்கேதான் மலை குறுக்கே நிற்கிறது. 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொடைக்கானலிலும் ஏறக்குறைய அதே நிலைதான். 'சோயாவை அரை மணி நேரம் வேகவைக்கவும்' என்று சமவெளிக் கையேடு சொல்வதை நம்பித் திறந்த அண்டாவில் வேகவைத்தால் உள்ளே பாதி பச்சையாகவே இருக்கும். விதை மிருதுவாகிவிட்டது என்பதை வைத்து வெந்துவிட்டது என்று முடிவுகட்டக் கூடாது. இரவு முழுக்க ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, பிரஷர் குக்கர் போன்ற மூடிய கலத்தில் அழுத்தம் ஏறிய பிறகு 20 நிமிடம் வைப்பதுதான் பத்திரம். ஆலையிலிருந்து வரும் எண்ணெய் நீக்கிய சோயாத் தூளை ஏற்கெனவே வறுத்திருப்பார்கள், ஆனால் லோடுக்கு லோடு பதம் மாறும்.

பதம் பார்க்கப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. சோயாவில் யூரியேஸ் என்ற நொதி இருக்கிறது. டிரிப்சின் தடுப்பான் அழியும் சூட்டில் அதுவும் ஏறக்குறைய அழிந்துவிடும். யூரியாக் கரைசலில் பீனால் ரெட் சாயம் கலந்து, துளி அமிலம் விட்டு இளமஞ்சளாக வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு தட்டில் சோயாத் தூளை மெல்லியதாகப் பரப்பி, கரைசலால் நனைத்து ஐந்து நிமிடம் விட வேண்டும். அங்கங்கே சில சிவப்புப் புள்ளிகள் மட்டும் தெரிந்தால் பதம் சரி. தட்டு முழுக்கச் சிவந்தால் பச்சை. அந்த மூட்டையைத் திருப்பி அனுப்பலாம். அரை மணி நேரம் ஆகியும் ஒரு புள்ளிகூட வரவில்லை என்றால் அதிகமாகக் கருகியிருக்கலாம். கருகினால் லைசின் என்ற அமினோ அமிலம் (புரதத்தின் ஒரு கூறு) சர்க்கரையோடு கட்டுண்டு மீனுக்கு உதவாமல் போகும், கெல்டாலிலோ குறையே தெரியாது. சில ரூபாய் செலவில் முடியும் இந்தச் சோதனையை ஒவ்வொரு லோடுக்கும் கட்டாயமாக்க என்ன தடை?

சூட்டுக்கு அழியாத ஒன்றும் சோயாவில் இருக்கிறது: சபோனின். டிரவுட், சால்மன் வகை மீன்களில் இது குடலின் பின்பகுதியைப் புண்ணாக்கும். மீன் தின்னும், ஆனால் தேறாது. கழிவு வெளுத்து நூல் நூலாகப் போகும். நோய் என்று நினைத்து மருந்து ஊற்றுவார்கள், காரணம் தீவனத்தில் இருக்கும். சாராயத்தால் கழுவிப் பிரித்த சோயாப் புரதச் செறிவில் சபோனின் பெரும்பாலும் நீங்கிவிடும், புரதமும் 65 சதவீதம் அளவில் இருக்கும். விலைதான் கடிக்கும். எனவே டிரவுட் தீவனத்தில் சாதாரண சோயாத் தூளை ஐந்தில் ஒரு பங்குக்குள் நிறுத்துங்கள். பொரித்து முதல் இரை எடுக்கும் குஞ்சுக்கு அறவே வேண்டாம். மேற்கொண்டு தேவைப்படும் தாவரப் புரதத்துக்கு மக்காச்சோளக் குளூட்டன், புரதச் செறிவு என்று போகலாம். மீன் தூளில் பாதி வரை இப்படிக் குறைப்பது நடக்கிற காரியம். முழுவதையும் எடுத்துவிட்டால் லைசின், மெத்தியோனின், டாரின் போன்ற அமினோ அமிலங்கள், பாஸ்பரஸ் எல்லாவற்றையும் தனித்தனியாகச் சேர்க்க வேண்டிவரும். அது ஆலை வேலை, கொட்டகை வேலை அல்ல.

குறை எங்கே என்று மீனைப் பார்த்தே ஓரளவு சொல்லலாம். மெத்தியோனின் குறைந்தால் டிரவுட்டின் கண்ணில் வெண்படலம் விழும். துத்தநாகக் குறையிலும் அதே படலம் வரும், தாவரத் தீவனத்தில் பைட்டிக் அமிலம் துத்தநாகத்தைப் பிடித்துக்கொள்வதால் இரண்டையும் சேர்த்தே சந்தேகிக்க வேண்டும். லைசின் குறைந்தால் வால் துடுப்பு அரிபடும். முதுகெலும்பு வளைந்திருந்தால் தீவனத்தைச் சூடாக்கும்போது வைட்டமின் சி போய்விட்டதா என்று கேளுங்கள்.

இனி பாஸ்பரஸ். மலைக்கென்று தனி வரையறை கேட்பதற்கு இதுவே பெரிய காரணம். தாவர விதையில் உள்ள பாஸ்பரஸில் பாதிக்கு மேல் பைட்டிக் அமிலமாகக் கட்டுண்டு கிடக்கிறது. மீனால் அதைப் பிரிக்க முடியாது, கழிவோடு நீரில் விட்டுவிடும். ஒரு கணக்கு: தீவனத்தில் 1 சதவீதம் பாஸ்பரஸ், ஒரு கிலோ மீன் வளர ஒன்றரைக் கிலோ தீவனம் என்றால் உள்ளே போவது 15 கிராம். மீன் உடலில் தங்குவது 4, 5 கிராம். மிச்சம் 10 கிராம் குட்டையில், குட்டை வழிந்தால் ஓடையில், ஓடை போய்ச் சேர்வது குடிநீர்த் தேக்கத்தில். கொடைக்கானல் ஏரியிலும் ஊட்டி ஏரியிலும் பாசியும் ஆகாயத் தாமரையும் படுத்தும் பாட்டைப் பார்த்த பிறகு இதை விளக்க வேண்டியதில்லை.

மீனுக்குப் பாஸ்பரஸ் குறையாமல் இருக்கத் தீர்வு என்று எலும்புத் தூளையும் டைகால்சியம் பாஸ்பேட்டையும் கொட்டுகிறார்கள். கெண்டைக்கு அமிலம் சுரக்கும் இரைப்பை இல்லாததால் எலும்பில் உள்ள பாஸ்பரஸ் பெரும்பாலும் கரையாமலே வெளியேறும், டைகால்சியத்தில் பாதிதான் சேரும். மோனோகால்சியம் பாஸ்பேட் ஏறத்தாழ முழுதும் சேரும். விலை கூடுதல் என்றாலும் குறைவாகப் போட்டால் போதும், நீரும் கெடாது. பைட்டிக் அமிலத்தை உடைக்கும் பைட்டேஸ் நொதி போடலாமே என்பார்கள். அது அமிலத்தில் வேலை செய்வது. கெண்டைக் குடலில் அமிலமில்லை, குளிர்நீரில் சூடும் இல்லை. தீவனத்தோடு கலந்து ஆவியில் வைத்தால் நொதியே செத்துப்போகும். பைட்டேஸ் பலன் தர வேண்டுமானால் முன்கூட்டியே வேலை வாங்க வேண்டும்: சோயாத் தூளை ஈரமாக்கி, சிட்ரிக் அமிலம் சேர்த்து அமிலத்தன்மையை (pH) 5, 5.5 அளவுக்குக் கொண்டுவந்து, 50 டிகிரி வெதுவெதுப்பில் சில மணி நேரம் வைத்து, அதன் பிறகு மற்றவற்றோடு கலக்க வேண்டும். இன்னொரு வழி, லாக்டிக் பாக்டீரியா விட்டுப் புளிக்கவைப்பது. அதற்கு 35 டிகிரி வேண்டும். மார்கழியில் ஊட்டியில் இட்லி மாவு புளிக்கும் லட்சணம் தெரிந்தவர்கள் சோயாத் தொட்டியை வெட்டவெளிக் கொட்டகையில் வைக்க மாட்டார்கள். வேகம் குறைந்தால் புளிப்புக்கு முன்னால் பூஞ்சணம் பிடித்துக்கொள்ளும்.

பூஞ்சணம் என்றதும் கடலைப் பிண்ணாக்கு. 42 சதவீதம் வரை புரதம், மீன் விரும்பித் தின்னும், எளிதில் கிடைக்கும். ஆனால் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சண நஞ்சுக்கு டிரவுட்டைப் போல மிரளும் பிராணி வேறு அதிகம் இல்லை. 1960-இல் அமெரிக்கப் பொரிப்பகங்களில் டிரவுட்டுக்குக் கொத்துக் கொத்தாகக் கல்லீரல் புற்று வந்ததற்குக் காரணம் தீவனத்தில் போன பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கில் இருந்த இந்த நஞ்சுதான் என்று பின்னால் தெரியவந்தது. கிலோவுக்கு ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைவான அளவு மாதக்கணக்கில் போனாலே கட்டி வருகிறது. நம் கால்நடைத் தீவனத் தர எல்லையோ கிலோவுக்கு 20 மைக்ரோகிராம். மாட்டுக்குத் தேறிய பிண்ணாக்கு டிரவுட்டுக்குத் தேறாது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. டிரவுட் தீவனத்தில் கடலையும் பருத்தியும் வேண்டவே வேண்டாம். கெண்டை தாங்கும், அதற்கும் சோதித்த பிண்ணாக்குதான். ஆட்டிய அன்று சுத்தமாக இருந்த பிண்ணாக்கும் மூடுபனி இறங்கும் கொட்டகையில் ஒரு மாதம் கிடந்தால் கதை மாறிவிடும். வெயிலில் காயப்போட்டுப் பூஞ்சணத்தைத் தட்டிவிட்டால் நஞ்சு போகாது, அடையாளம்தான் போகும்.

பண்ணைக் குட்டைக் கெண்டைக்கு மலையிலேயே அரைக்கக்கூடிய ஒரு கலவையைத் துறையின் பரிசீலனைக்கு வைக்கிறோம். நூறு கிலோவுக்கு: எண்ணெய் நீக்கி வறுத்த சோயாத் தூள் 35 கிலோ, சோதித்த கடலைப் பிண்ணாக்கு 15, எள்ளுப் பிண்ணாக்கு 10, மீன் தூள் 5, தவிடு 20, கோதுமை மாவு 10, எண்ணெய் 2, மோனோகால்சியம் பாஸ்பேட் ஒன்றரை, வைட்டமின் தாதுக் கலவை 1, உப்பு அரைக் கிலோ. புரதம் 32 சதவீதத்தை ஒட்டி வரும். எள்ளை விட்டுவிடாதீர்கள், சோயாவிலும் கடலையிலும் குறைகிற மெத்தியோனினை ஈடுகட்டுவது அதுதான். லைசின் சற்றுக் குறையும். குட்டையில் புழு பூச்சி இருக்கும்வரை அது பெரிய குறையல்ல, சிமென்ட் தொட்டியில் வளர்த்தால் தனியாகச் சேர்க்க வேண்டும். அப்படிச் சேர்க்கும் லைசின் தூள் பிண்ணாக்குப் புரதத்துக்கு முன்னால் ரத்தத்தில் ஏறி வீணாகும் என்பதால், ஒரே வேளையில் கொட்டாமல் மூன்று நான்கு வேளையாகப் பிரித்துப் போட வேண்டும். மீன் தூள் ஐந்து கிலோ எதற்கு என்று கேட்கலாம். புரதத்துக்கு இல்லை, வாசனைக்கு. அது இல்லாவிட்டால் கெண்டை வாயில் வாங்கித் துப்பும்.

அரைப்பது அரை மில்லிமீட்டர் சல்லடையில் இறங்கும் அளவுக்கு இருக்க வேண்டும். கோதுமை மாவைத் தனியாகக் கஞ்சியாகக் காய்ச்சிச் சேர்த்தால் பிடிப்பு வரும். பிசைந்த மாவை ஆவியில் வைக்கும்போதும் 93 டிகிரிக் கதைதான், சமவெளியைவிடப் பத்துப் பதினைந்து நிமிடம் கூடுதலாக வைக்க வேண்டும். வைட்டமினும் எண்ணெயும் ஆறிய பிறகே. கறி அரைக்கும் இயந்திரத்தில் 2, 3 மில்லிமீட்டர் அச்சு போட்டுப் பிழியலாம். ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் பிழிந்த தீவனக் குச்சிகள் நான்கைப் போட்டுப் பாருங்கள்: அரை மணி நேரம் உருவம் கலையாமல் இருந்தால் தேறியது. பத்து நிமிடத்தில் கரைந்து டம்ளர் கலங்கினால் மாவு வேகவில்லை, அல்லது அரைப்பு கொரகொரப்பு. இந்த முறை டிரவுட்டுக்கு உதவாது. அதற்கு அதிக எண்ணெயும் நன்றாக வெந்த மாவும் வேண்டும், எக்ஸ்ட்ரூடர் (சூட்டிலும் அழுத்தத்திலும் வேகவைத்துப் பிழியும் ஆலை இயந்திரம்) இல்லாமல் வராது.

காயவைப்பதுதான் உண்மையான தலைவலி. ஆடி ஆவணியில் மேற்கு நீலகிரியிலும், ஐப்பசி கார்த்திகையில் கோத்தகிரிப் பக்கமும் கொடைக்கானல் மேல்மலை கீழ்மலை எங்கும் வெயிலை நம்பித் தீவனம் பிழிந்தால் மூன்றாம் நாள் பச்சைப் பூஞ்சணம் எட்டிப்பார்க்கும். 60 டிகிரிக்கு மேற்படாத வெப்பக் காற்று வேண்டும், இரண்டு விரற்கடைக்கு மேல் கனமாகப் பரப்பக் கூடாது. ஈரப்பதம் 10 சதவீதத்துக்கு வந்ததா என்று எடை போட்டே பார்க்கலாம்: 35 சதவீத ஈரத்தில் பிழிந்த 100 கிலோ, காய்ந்தபின் 72 கிலோவாக இறங்க வேண்டும். 80 கிலோவில் மூட்டை கட்டியவர் பூஞ்சணத்துக்குத்தான் கட்டுகிறார். சூட்டோடு கட்டினாலும் உள்ளே வியர்த்துக் கெடும். தேயிலைத் தொழிற்சாலை வாட்டுத் தொட்டிகளைப் பகிர்ந்துகொள்ளலாமே என்று ஒரு யோசனை அவ்வப்போது எழுகிறது. தயவுசெய்து வேண்டாம். தேயிலை எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும். மீன் தூள் வாடை ஏறிய தேயிலையை யார் வாங்குவார்கள்? மூடிக் கிடக்கும் தொழிற்சாலையின் தொட்டி என்றால் பேசலாம்.

'மலையிலேயே கிடைப்பது' என்று சிபாரிசாகும் சரக்குகளைப் பற்றியும் இரண்டு வார்த்தை. அசோலா வெதுவெதுப்பில் பெருகும் பெரணி. உறைபனி விழும் இடத்தில் சிவந்து சுருண்டுவிடும். தாண்டிக்குடி, பண்ணைக்காடு போன்ற கீழ்மலை ஊர்களில் முயலலாம். தேயிலைக் கழிவில் இருக்கும் டானின் புரதத்தைக் கட்டிப்போடும். கழித்துப் போட்ட பட்டர் பீன்ஸ், பட்டாணி விதைகள் நல்ல சரக்குதான். ஆனால் பச்சையாக அரைத்தால் அதிலுள்ள லெக்டின் குடலைக் கெடுக்கும், சோயாவைப் போலவே அழுத்தத்தில் வேகவைத்துத்தான் போட வேண்டும்.

தீவனம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் நேரம் கெட்டால் வீண். நீர் 10 டிகிரிக்குக் கீழே இருந்தால் கெண்டைக்கு எதுவும் போட வேண்டாம். 10-லிருந்து 15 வரை உடல் எடையில் அரை முதல் ஒரு சதவீதம், 20 வரை ஒன்றரை முதல் இரண்டு. தாவரத் தீவனம் குளிரில் மெதுவாகவே செரிக்கும். ஆகவே விடியலில் போடாமல் வெயில் ஏறிய பிறகு, பத்து பதினொரு மணிக்கு, தட்டில் வைத்துப் போட்டு, மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். டிரவுட்டுக்குக் கவலை நேர்மாறு: 20 டிகிரியைத் தாண்டினால் நிறுத்த வேண்டும். பழைய தீவனத்திலிருந்து புதியதற்கு மாறும்போது கால் பங்கு கால் பங்காகப் பத்து நாளுக்கு மேல் எடுத்துக்கொண்டால் இரை மறுக்காது. இவை துறையின் பயிற்சித் தாளில் தமிழில் இருக்க வேண்டும், உயரத்தையும் நீரின் சூட்டையும் குறிப்பிட்டு.

நீலகிரியின் அவலாஞ்சி டிரவுட் பொரிப்பகத்தைப் பற்றியும் ஒரு வேண்டுகோள். சென்னை மாகாண அரசின் மீன் வளர்ப்பு நிபுணர் எச்.சி. வில்சன் காலத்தில், 1907-இல் தொடங்கிய பொரிப்பகம் அது. அங்கே டிரவுட்டைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்து, ஒரே தாவரத் தீவனத்தைக் கொடுத்து, எந்தக் குடும்பம் நன்றாக வளர்கிறது என்று பார்த்து, அதிலிருந்தே தாய் மீனைத் தேர்ந்தெடுக்கும் வேலையைத் தொடங்குங்கள். அமெரிக்காவில் இடாஹோ மாநிலத்து ஹேகர்மனில் இப்படித் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து, மீன் தூளே இல்லாத தீவனத்திலும் நன்றாக வளரும் வானவில் டிரவுட்டை உருவாக்கியிருக்கிறார்கள். தீவனத்தை மீனுக்கு ஏற்ப மாற்றுவதோடு மீனையும் தீவனத்துக்கு ஏற்பத் தேர்ந்தெடுக்கலாம். பீம்தாலில் இருக்கும் குளிர்நீர் மீன் ஆராய்ச்சி நிறுவனமும் நாகப்பட்டினம் மீன்வளப் பல்கலைக்கழகமும் இதில் கைகொடுக்க முடியும். நீண்ட வேலைதான், குடும்ப வாரியான பதிவேடு இல்லாமல் முதல் அடியே எடுக்க முடியாது.

மூட்டைச் சீட்டில் என்ன வேண்டும் என்றால்: சேர்ந்த பொருட்களின் பெயரும் அளவும், புரதமல்லாத நைட்ரஜன் எவ்வளவு, மொத்த பாஸ்பரஸும் அதில் மீனுக்குச் சேரக்கூடியதும், யூரியேஸ் முடிவு, அஃப்ளாடாக்சின் அளவு, ஈரப்பதம், பிழிந்த தேதி. கச்சாப் புரதமும் இருக்கட்டும், கடைசியில். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவனப் பகுப்பாய்வுக் கூடம் கோழித் தீவனத்துக்குச் செய்துவரும் பணியோடு மலைக்குப் போகும் மீன் தீவனத்தையும் சேர்த்துக்கொள்ள ஏற்பாடு செய்ய வேண்டும். அஃப்ளாடாக்சின் மூட்டைக்குள் ஒரே சீராகப் பரவியிருக்காது. மேலாக ஒரு கைப்பிடி அள்ளி அனுப்பினால் முடிவு ஏமாற்றும். பல மூட்டைகளில் குத்தூசியால் நடுவிலிருந்து எடுத்து, ஒன்றாகக் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்குகளை மட்டும் சேர்த்துக் குறைத்துக்கொண்டு, அந்த மாதிரியையே அனுப்ப வேண்டும்.

இந்த மாதிரியை லாரி மேட்டுப்பாளையத்திலும் வத்தலக்குண்டிலும் நிற்கும்போதே எடுக்க உத்தரவிடுங்கள். மலையேறி இறக்கிய பிறகு தேறாத சரக்கைத் திருப்பி அனுப்பும் லாரி வாடகையை யாரும் கொடுப்பதில்லை. கடைசியில் அந்த மூட்டை குட்டையிலேயேதான் கொட்டப்படுகிறது.

இப்படிக்கு,
நீலகிரி, பழநி மலைத்தொடரில் நன்னீர் மீன் வளர்ப்போரும் தீவனம் தயாரிப்போரும்